நாலு சக்கரமும் திரும்பும் பிக்கப்: தூக்கலாமா, இழுக்கலாமா?

கேள்வி (பிப்ரவரி 9)

2002 ஜிஎம்சி சியரா டெனாலி ஒன்று விலைக்கு வருகிறது. குவாட்ராஸ்டீயர் உள்ளது, அதாவது பின் சக்கரமும் திரும்பும். சஸ்பென்ஷனை 6 அங்குலம் தூக்கி, 35 அங்குல டயர் போட்டால் யூட்டாவின் மோவாப் பாறைப் பாதைக்கும் ஆச்சு, 6,000 பவுண்டு கேம்பர் (தங்கும் ட்ரெய்லர்) இழுக்கவும் ஆச்சு, ஒரே வண்டியில் இரண்டு வேலை. நாலு சக்கரமும் திரும்புகிற வண்டியைக் காட்டுப் பாதையில் எது அடிக்கப் போகிறது? உங்களிடம் இதே மாதிரி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன் அண்ணா. சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

என்னிடம் இருப்பது 2003 ஷெவர்லே சில்வராடோ, எக்ஸ்டென்டட் கேப் (நீட்டிய கேபின்), ஆக்ஸில் கியர் விகிதம் 4.10. பின் ஆக்ஸில் உங்களுடையதும் என்னுடையதும் ஒன்றுதான்: டேனா 60 என்ற கனரக ஆக்ஸிலை அடிப்படையாக வைத்து டெல்ஃபை நிறுவனம் செய்த சாமான். ஆனால் வண்டி ஒன்றல்ல. டெனாலியில் எப்போதும் ஓடும் ஆல்-வீல்-டிரைவ்; லோ ரேஞ்ச் (மெதுவாக, பலமாக நகர உதவும் கூடுதல் கியர்) கிடையாது. முதல் கியர் 3.06, ஆக்ஸில் 3.73, பெருக்கினால் 11.4. லோ ரேஞ்ச் உள்ள வண்டியில் அதன்மேல் இன்னொரு 2.72, ஆக 31. செங்குத்தான இறக்கத்தில் இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, பிரேக் தீயும் வாசனையே சொல்லிவிடும்.

பாறைதான் முதல் நோக்கம் என்றால் டெனாலி வேண்டாம். சில்வராடோ அல்லது சாதா சியராவில் நாலு சக்கர இழுவையும் லோ ரேஞ்சும் உள்ளதாகப் பாருங்கள். இழுப்பதுதான் முதல் நோக்கம் என்றால் டெனாலி தங்கம். 6.0 லிட்டர், 325 குதிரை, 10,000 பவுண்டு இழுக்கும் அனுமதி.

6 அங்குலம் தூக்குவது பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் யாரும் கிட் வாங்கிவிடாதீர்கள்.

பிப்ரவரி 10

சரி, தூக்குவது.

எல்லோரும் நினைப்பது: பின் சக்கரம் 12 டிகிரி வரை திரும்புகிறது, அதனால் பெரிய டயர் போட்டால் வீச்சு கூடி உரசும். பாதி சரி. கணக்கைப் பாருங்கள். 265/70 ஆர்17 டயரின் ஆரம் சுமார் 401 மில்லிமீட்டர். 12 டிகிரி திரும்பினால் டயரின் முன்விளிம்பு பக்கவாட்டில் 83 மில்லி நகரும். 315/70 ஆர்17 போட்டால், அதாவது 35 என்று கடையில் சொல்வது, ஆரம் 436, நகர்வு 91. வீச்சில் கூடுவது 8 மில்லிதான்.

உண்மையான தொல்லை அகலமும் ஆஃப்செட்டும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு). 265-லிருந்து 315 என்றால் ஒவ்வொரு பக்கமும் 25 மில்லி. உட்பக்கம் கமான் பட்டையை நோக்கி, வெளிப்பக்கம் மட்கார்டை நோக்கி. உள்ளே இடிக்கிறதே என்று ஒன்றரை அங்குல ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைக்கும் தடித்த வளையம்) போட்டு வெளியே தள்ளுவார்கள். அங்கேதான் காசு கரையத் தொடங்கும். சாதா பின் ஆக்ஸிலில் ஸ்பேசர் என்பது பேரிங்குக்கு மட்டும்தான் கூடுதல் பாரம். இங்கே சக்கரம் கிங்பின்னைச் சுற்றித் திரும்புகிறது. ஸ்பேசர் போட்டால் டயர் அந்த அச்சிலிருந்து 38 மில்லி தள்ளிப் போகும். ஒவ்வொரு கல்லில் மோதும்போதும் அந்த நெம்பு டை ராடிலும் (சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் கம்பி) ஸ்டீயரிங் மோட்டாரிலும் இறங்கும். முன்பக்கம் செய்யத் தயங்குகிற காரியத்தைப் பின்பக்கம் யோசிக்காமல் செய்துவிடுகிறார்கள்.

பின்பக்கத்தில் ஸ்பேசர் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

பிப்ரவரி 10, கொஞ்சம் கழித்து

"அப்போது எந்த டயர்தான் போடுவது?"

285/70 ஆர்17. நல்ல 'இ' லோடு ரேஞ்ச், அதாவது அதிகச் சுமை தாங்கும் ரகம். ஆரம் 415. தரையிலிருந்து வெறும் 14 மில்லிதான் கூடும் என்று முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள்.

பிப்ரவரி 12

ஹூஸ்டனிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "உரசலைத் தரையில் நிறுத்திப் பார்த்தால் தெரியாது தம்பி. ஒரு சக்கரம் மேலே ஏறி மட்கார்டுக்குள் போயிருக்கும்போது திருப்பிப் பார்." நூற்றுக்கு நூறு. மேலே நான் போட்ட கணக்கு சமதரைக்கு மட்டும்தான். பாறையில் ஒரு பின் சக்கரம் முழுதாக அழுந்தியிருக்கும், அதே நேரத்தில் ஸ்டீயரிங் கடைசிவரை திரும்பியிருக்கும். அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் மட்கார்டு கிழியும்.

வீட்டிலேயே பார்க்கலாம். டயரின் தோள் முழுக்கச் சாக்பீஸைத் தேயுங்கள். ஒரு பின் சக்கரத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றி, டிரக் பெட்டியில் நாலைந்து சிமெண்ட் மூட்டை போட்டு அழுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும், 4 வீல் மோடு போட்டு மெதுவாக இடம், வலம், கடைசிவரை. ஹேண்ட் பிரேக், முன் சக்கரத்துக்குக் கட்டை, வண்டிக்கடியில் யாரும் படுக்கக் கூடாது. அப்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் வெள்ளைக்கோடு விழுந்தது நான் எதிர்பார்த்த பின்மூலையில் இல்லை. உள்பக்கம், கமான் பட்டையின் யு-போல்ட்டுக்கு விரல் அகலம் முன்னால். 285 டயரிலேயே அப்படி. 315 போட்டிருந்தால் அது சாக்பீஸோடு நின்றிருக்காது.

பிப்ரவரி 15

6 அங்குலத்துக்கு வருகிறேன்.

முன்பக்கம் இந்த வண்டிகளில் சுருள் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி. அதன் முனையிலுள்ள கீயை முறுக்கினால் ஒன்றரை இரண்டு அங்குலம் கிடைக்கும். அதற்கு மேல் முறுக்கினால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்டின் கோணம் கெட்டு, சக்கரம் கீழே தொங்கவும் இடமில்லாமல் போகும். 6 அங்குல கிட் என்றால் முன் டிஃபரென்ஷியலையே கீழே இறக்கும் பிராக்கெட், சக்கரத்தைத் தாங்கும் புதிய நக்கிள் எல்லாம் வரும். அது செய்யக்கூடியதுதான். பின்பக்கம்தான் விஷயம்: வழக்கமான கிட்டில் பிரேக் ஹோஸுக்கும் ஏபிஎஸ் வயருக்கும் நீளம் கொடுத்திருப்பார்கள், பின் ஸ்டீயரிங்குக்குப் போகும் கனமான வயரை எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆக்ஸில் தொங்கும்போது அது இழுபடும். அதோடு ஆக்ஸிலுக்கும் கமான் பட்டைக்கும் நடுவே உயரக் கட்டை வைத்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும்.

நான் செய்தது சின்ன அளவுதான். முன்பக்கம் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் முறுக்கல், பின்பக்கம் ஒரே ஒரு கூடுதல் கமான் பட்டை. வயருக்குத் தொய்வு இருக்கிறதா என்று, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் ஜாக்கியில் வைத்துப் பார்த்துக் கட்டினேன்.

பிப்ரவரி 16

யாரோ "பயந்தாங்கொள்ளி பில்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். என் வண்டியின் பின் சக்கரம் இன்னும் திரும்புகிறது. அவருடையது?

பிப்ரவரி 20

காட்டுப் பாதையில் இது எங்கே உதவும், எங்கே உதைக்கும் என்று கேட்டீர்கள்.

உதவும் இடம்: மோவாப் பக்கம், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஷேஃபர் டிரெயில். குன்றின் விளிம்பிலிருந்து அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள். இந்த எக்ஸ்டென்டட் கேபின் வீல்பேஸ் 143.5 அங்குலம், சாதா சில்வராடோ திரும்ப 47 அடிக்கு மேல் வட்டம் வேண்டும். பின் சக்கரமும் எதிர்த்திசையில் திரும்பினால் 37 அடிக்குக் கொஞ்சம் மேல் போதும். ஷேஃபரில் மற்ற நீள பிக்கப்காரர்கள் ஒரு வளைவில் முன்னே பின்னே எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரே வீச்சில் போய்விடலாம். இன்னொரு நன்மையைச் சொல்வோர் குறைவு: பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தையே கிட்டத்தட்ட மிதிக்கும், உள்வளைவுக் கல்லை வெட்டாது.

உதைக்கும் இடம்: இடப்பக்கம் பாறைச் சுவர், நீங்கள் அதை ஒட்டி நிற்கிறீர்கள். விலகுவதற்கு ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால், பின் சக்கரம் இடப்பக்கம் போகும். வண்டியின் வால் சுவரை நோக்கி வரும். சாதா வண்டி ஓட்டிப் பழகிய கைக்கு இது பிடிபடவே பிடிபடாது. பெட்ரோல் பங்கிலேயே இதைக் கற்றுக்கொள்ளலாம்: பம்பை ஒட்டி நிறுத்திவிட்டு முழுதாகத் திருப்பிக் கிளம்பிப் பாருங்கள், பின் பம்பர் பம்பின் காவல் தூணை எப்படி நெருங்குகிறது என்று. சுவர் பக்கத்தில் இருந்தால் பட்டனை அழுத்தி 2 வீல் மோடுக்கு மாற்றிவிட்டு விலகுங்கள், அப்புறம் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பின் ஆக்ஸில் முன்னைவிட அகலம் என்பதையும் மறக்காதீர்கள். பின் மட்கார்டு புடைத்திருப்பது அழகுக்கு இல்லை. மொத்த அகலம் 80 அங்குலத்தைத் தொட்டால் கூரையில் விளக்கு வைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, அதனால்தான் இந்த வண்டிகளுக்கு நெற்றியில் ஆரஞ்சு விளக்கு. என் பையன் இதை லாரி என்றுதான் சொல்வான். நான் மறுப்பதில்லை.

பிப்ரவரி 21

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். பாறையேறும் ஆட்கள் பின் ஸ்டீயரிங்கைப் பெரிதாகப் பேசுகிறார்களே, அது வேறு, இது வேறு. அவர்கள் வண்டியில் பின்பக்கத்துக்கு ஹைட்ராலிக் சிலிண்டரும் தனி லீவரும் இருக்கும். முன் சக்கரத்தை நேராக வைத்துப் பின் பக்கத்தை மட்டும் நகர்த்துவார்கள், நண்டு நடை நடப்பார்கள். குவாட்ராஸ்டீயரில் பின் சக்கரம் உங்கள் ஸ்டீயரிங்குக்கும் வேகத்துக்கும் அடிமை. எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை கம்ப்யூட்டர் சொல்லும், நீங்கள் இல்லை. நண்டு நடை வேண்டுமென்றால் மின்சார ஹம்மர் வாங்குங்கள், 10 டிகிரி திரும்பும். எடை மட்டும் 9,000 பவுண்டுக்கு மேல். மணலில் புதைந்தால் கூப்பிடுவதற்கு ஆள் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 24

"ஊருக்குக் கொண்டு வர முடியுமா?" என்று சேலத்திலிருந்து ஒரு தம்பி. இந்தியாவுக்குப் பழைய வண்டி இறக்குமதி மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இது 2005-ல் நின்றுபோன, இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து நானும் ஏங்கியதுண்டு. மறந்துவிடு தம்பி.

மார்ச் 2

இழுப்பதைப் பற்றி ஒரு வரி எழுதினால் பத்துக் கேள்வி வருகிறது, அதனால் விரிவாக.

இந்த ஸ்டீயரிங் செய்யப்பட்டதே இதற்குத்தான். மெதுவாகப் போகும்போது பின் சக்கரம் எதிர்த்திசை, நெடுஞ்சாலை வேகத்தில் அதே திசை. சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் மாறும். டோ மோடு (ட்ரெய்லர் இழுக்கும்போது போடுவது) போட்டால் அந்த மாற்றம் இன்னும் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். ஐ-80 நெடுஞ்சாலையில் வயோமிங், எல்க் மவுண்டன் பக்கத்தில் குறுக்குக் காற்று அடித்தால் ட்ரெய்லர் இழுப்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நாலு சக்கரமும் ஒரே பக்கம் லேசாகத் திரும்பும்போது வண்டி தலையை ஆட்டாமல் அப்படியே பக்கவாட்டில் ஒதுங்கும். ட்ரெய்லருக்கு உதறல் போய்ச் சேராது.

ரிவர்ஸ் எடுப்பதுதான் பழக வேண்டியது. சாதா வண்டியில் ஸ்டீயரிங்கை அரைச் சுற்றுத் திருப்பிக் காத்திருந்தால் ட்ரெய்லர் மெதுவாக யோசித்துத் திரும்பும். இதில் கால் சுற்றிலேயே திரும்பத் தொடங்கிவிடும், பழைய பழக்கத்தில் இன்னும் திருப்பினால் மடங்கிவிடும். கையை ஸ்டீயரிங்கின் அடியில் வைத்து, கொஞ்சம், நிறுத்து, பார், அப்புறம் கொஞ்சம். கேம்ப் மைதானத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவரின் 6,000 பவுண்டு கேம்பருக்கு ஹிட்சில் இறங்கும் எடை 10 முதல் 15 சதவீதம் என்று வையுங்கள், 600 முதல் 900 பவுண்டு. அது வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். அதன்மேல் குடும்பம், ஐஸ் பெட்டி, ஸ்டெப்னி, விறகு. எடையைப் பகிரும் ஹிட்சும் ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரும் இல்லாமல் கிளம்பாதீர்கள். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடி உயரத்துக்கு மேல். டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் பலம் போகும் என்பது பழைய கணக்கு. அங்கே போய்ச் சேரும்போது 325 குதிரையில் சுமார் 220 தான் மிஞ்சும். கியர் பெட்டிக்குக் கூடுதல் கூலர் போட்டிருந்தால் நிம்மதி.

மார்ச் 3

டயரும் இழுவையும் இங்கே சேர்கின்றன. 35 போட்டால் 4.10 ஆக்ஸில் 3.77 போல நடந்துகொள்ளும், டெனாலியின் 3.73 வெறும் 3.43 ஆகிவிடும். 6,000 பவுண்டைக் கட்டிக்கொண்டு அந்தச் சுரங்கத்துக்கு ஏறுவதை யோசித்துப் பாருங்கள். 285 போட்டால் 4.10 என்பது 3.96, தாங்கும்.

இன்னொன்று. பெரிய டயர் போட்டுவிட்டு ஸ்பீடோமீட்டரைத் திருத்தாமல் விடுவோர் உண்டு. சாதா வண்டியில் போலீஸுக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும். இந்த வண்டியில் பின் சக்கரம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே வேகத்தைப் பார்த்துத்தான். 35 டயரோடு கம்ப்யூட்டர் 65 என்று நினைக்கும்போது நிஜமாக நீங்கள் 70-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். எதிர்த்திசைத் திருப்பம் இருக்கக் கூடாத வேகம்வரை நீளும். டயர் மாற்றிய அன்றே திருத்துங்கள்.

மார்ச் 9

ஏர் பேக் (விபத்துக்கானது இல்லை, பின் கமான் பட்டைக்குத் துணையாகச் சுமை தாங்கும் காற்றுப் பை) பற்றிக் கேட்ட சான் ஆன்டோனியோ அம்மாவுக்கு: போடலாம். நான் முதலில் வேண்டாம் என்ற பக்கம்தான் இருந்தேன், கமான் பட்டை போதும் என்று. ஆனால் கூடுதல் பட்டை, சுமை இல்லாத நாளில் முதுகை உடைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் வெறும் வண்டியாக அலுவலகம் போகிறேன். இப்போது யாராவது கேட்டால் பழைய பட்டையை அப்படியே விட்டு, ஏர் பேக் போடச் சொல்வேன், ஆக்ஸில் தொங்கும்போது கீழ்ப்பக்கம் பிரிந்துகொள்ளும் தொட்டில் உள்ளதாக. இல்லாவிட்டால் பாறையில் சக்கரம் தொங்கும்போது பேக்கை இழுத்துக் கிழிக்கும். போட்டபின் மறுபடியும் சாக்பீஸ் சோதனை, காற்று இறக்கிய நிலையிலும் ஏற்றிய நிலையிலும்.

மார்ச் 17

ஒரு வாரமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வண்டி ஒர்க்‌ஷாப்பில். டாஷில் "சர்வீஸ் 4 வீல் ஸ்டீயர்" எரிந்தது.

இந்த விளக்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் பின் சக்கரம் நேராக்கப்பட்டு, வண்டி சாதா வண்டி மாதிரி ஓடும், அதனால் வழியில் நிற்க வேண்டியதில்லை. இதில் பேர்போன நோயாளி பின் சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார். புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பழையதோ புதுப்பித்ததோதான், அதற்கும் விலை கண்ணைக் கட்டும். அதனாலேயே பலர் ஆக்ஸிலையே கழற்றிவிட்டு சாதா ஆக்ஸில் போட்டுவிடுகிறார்கள்.

போன இடத்தில், பெயர் வேண்டாம், எதையும் திறக்காமலே "சென்சார் போச்சு" என்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டியை வீட்டுக்கு எடுத்துவந்து அடியில் படுத்துப் பார்த்தேன். ஆக்ஸிலுக்குப் பின்னால் கனெக்டரைக் கழற்றியதும் ஒரு ஊசியின் அடியில் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு. கொலராடோவில் பனிக்காலத்தில் சாலைக்கு மெக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள், அதன் வேலை. கான்டாக்ட் கிளீனர், பல் துலக்கும் பிரஷ், டைஎலெக்ட்ரிக் கிரீஸ். அப்புறம் ஜிஎம் வண்டிகளின் கோளாறு பார்க்கும் டெக் 2 ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் கோளாறுக் கோட் அழித்து, பின் சக்கரத்தின் நேர் நிலையைக் கற்றுக்கொடுத்தோம். விளக்கு போய்விட்டது.

மார்ச் 18

"அலைன்மென்ட் கடையிலேயே செய்துவிட மாட்டார்களா?" மாட்டார்கள். பலர் முன்பக்கத்தை மட்டும் சரி பார்த்து அனுப்பிவிடுவார்கள், பின் ஆக்ஸில் என்றால் அசையாதது என்ற நினைப்பு. இதில் பின்னாலும் டை ராடு இருக்கிறது, டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் கோணம்) மாறும். பாறையில் ஒருமுறை பலமாகத் தட்டினால் முன்பின் நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். பின் டயர் ஒருபக்கம் மட்டும் ரம்பப் பல் மாதிரி தேய்ந்தால் அதுதான் அறிகுறி.

அந்த டை ராடும் மோட்டாரும் ஆக்ஸிலுக்குப் பின்புறம் இருப்பதால் ரிவர்ஸில் கல் ஏறினால் நேராக அதில்தான் படும். நான் கால் அங்குல இரும்புத் தகட்டில் காப்புத் தட்டு அடித்திருக்கிறேன். முதலில் அடித்ததில் ஓட்டை இல்லை; மோவாப் செம்மண் உள்ளே போய் கனெக்டரைச் சுற்றிக் கல்லாக இறுகிவிட்டது. இப்போது இரண்டு அங்குல ஓட்டைகள், பயணம் முடிந்ததும் குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். டிஃபரென்ஷியல் மூச்சுக் குழாயையும் உயரமாகத் தூக்கிக் கட்டிவிடுங்கள், ஓடை கடப்பவர்கள்.

மார்ச் 26

கேள்வி கேட்டவர் டெனாலியை விட்டுவிட்டு ஒரு 2004 சில்வராடோ பார்த்திருக்கிறாராம், லோ ரேஞ்ச் உள்ளது, 4.10. விலை பேசுமுன் இவை மட்டும்:

எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நிற்கும்போது மோடு பட்டனை அழுத்தி ஒவ்வொரு மோடும் வருகிறதா பாருங்கள். வெளியே ஆளை நிறுத்தி ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பினால் பின் சக்கரம் இரண்டு பக்கமும் சமமாகப் போக வேண்டும், முனகல் இருக்கலாம், தயக்கம் இருக்கக் கூடாது. அடியில் வயர் ஒட்டுப் போட்டிருந்தால் விலையில் ஆயிரம் குறையுங்கள். முந்தைய ஆள் ஸ்பேசர் போட்டு ஓட்டியிருந்தால் இன்னும் குறையுங்கள். மொத்தமே சுமார் 16,500 வண்டிதான் இந்த ஸ்டீயரிங்கோடு விற்றார்கள், உடைத்து விற்கும் யார்டில் அதன் பாகம் கிடைத்தால் உங்கள் வண்டிக்குத் தேவையில்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்கு விற்றுவிடலாம். எனக்கு வேண்டும்.

மார்ச் 27

வாங்கிவிட்டாராம். 35 டயரும் சேர்த்தே வந்ததாம், ஸ்பேசரோடு.

ஸ்பேசரை இன்றைக்கே கழற்றுங்கள் தம்பி. அந்த டயரை யாராவது சாதா சில்வராடோகாரர் எடுத்துக்கொள்வார், கொலராடோ பக்கம் என்றால் எனக்குச் சொல்லுங்கள், ஆள் இருக்கிறது.